கடைசி வாக்கியத்தைப் பற்றி ஒரு கேள்வி

பரீட்சைத் தாளுக்கு விமர்சனம் எழுதும் வழக்கம் நம்மிடையே இல்லை. நாவலுக்கு எழுதுகிறோம், நாடகத்துக்கு எழுதுகிறோம், சங்கீதக் கச்சேரிக்குக்கூட எழுதுகிறோம். கேள்வித்தாளை எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. படிக்கிறவனுக்கோ அதை ரசிக்க நேரம் இராது. மணி அடித்ததும் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சமீபத்தில் ஒரு கேள்வித்தாளைப் படிக்க நேர்ந்தது. படித்து முடித்தபோது, பல மாதங்களாக எந்தப் புத்தக மதிப்புரையைப் படித்தும் உண்டாகாத ஓர் உற்சாகம் எனக்கு உண்டாயிற்று. கூடவே கொஞ்சம் வெட்கமும் உண்டாயிற்று. இரண்டுக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன்.

உலகத்துப் பள்ளிக்கூடங்களையெல்லாம் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் பரீட்சை ஒன்று இருக்கிறது. ‘பிசா’ என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டதும் சிலருக்குச் சாய்ந்த கோபுரமும் சிலருக்குப் பலகாரக் கடையும் ஞாபகத்துக்கு வரலாம். இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாரிஸ் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து இதை நடத்தி வருகிறது. முதல் தடவை 32 தேசங்கள் கலந்துகொண்டன. 2022இல் தேசங்களும் தனிப் பிரதேசங்களுமாக 81. எழுதிய மாணவர்கள் சுமார் 6,90,000 பேர்.

பதினைந்து வயதுப் பிள்ளைகளில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வாசிப்பு, கணிதம், விஞ்ஞானம் என்ற மூன்றிலும் இரண்டு மணி நேரம் சோதிக்கிறார்கள். எந்தப் பிள்ளையும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதுவதில்லை. கேள்விகளைப் பல தாள்களில் பிரித்து வைத்து, வந்த விடைகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, தேசத்துக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். ஆகவே இதில் தேறுவதும் தவறுவதும் பிள்ளை அல்ல, தேசந்தான்.

நம் தேசத்தின் கதையும் இதில் உண்டு. 2010இல் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் இந்தப் பரீட்சையை எழுதின. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. மொத்தம் 74 இடங்கள். வாசிப்பில் தமிழ்நாட்டுக்கு 72ஆவது இடம், இமாசலத்துக்கு 73, அதற்கும் கீழே கிர்கிஸ்தான். கல்வியில் முன்னணி என்று பெயர் வாங்கிய இரண்டு ராஜ்யங்களுக்கு இந்தக் கதி! சிலர் மார்பில் அடித்துக்கொண்டார்கள். சிலர், “வெள்ளைக்காரன் பரீட்சை, நம் பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயங்களைக் கேட்டுவிட்டான்” என்றார்கள். சர்க்காரும் ஏறக்குறைய இதையே கௌரவமான பாஷையில் சொல்லி, அடுத்து வந்த பரீட்சைகளுக்கு இந்தியாவை அனுப்பாமல் நிறுத்திவிட்டது. 2019இல், 2021ஆம் ஆண்டுப் பரீட்சையில் சேர்வதாக ஒப்பந்தம் செய்துகொண்டோம். தொற்றுநோயால் அது 2022க்குத் தள்ளிப்போயிற்று. கடைசியில் அதற்கும் நாம் போகவில்லை.

இத்தனை அமர்க்களத்திலும் நானறிந்த யாரும் ஒன்றைக் கேட்கவில்லை. என்ன கேள்வி கேட்டார்கள்? நானும் கேட்கவில்லை. 72 என்ற எண்ணை மட்டும் படித்துவிட்டு, காபியை முடித்து எழுந்துவிட்ட கூட்டத்தில் நானும் ஒருவன்.

பரீட்சையில் உபயோகித்த கேள்விகளில் ஒரு பகுதியை அந்த நிறுவனமே பிற்பாடு வெளியிட்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டுத் தாளிலிருந்து வெளிவந்த மூன்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வந்தவை இவையே என்று நான் சொல்லவில்லை. அவையும் இதே அச்சில் வார்த்தவை என்பது போதும்.

முதலாவது, ஒரு சிறுகதை. லூயி டாலர்ஹைடு என்ற அமெரிக்கர் எழுதியது. ‘பரிசு’ என்று தலைப்பு. வெள்ளம் வந்து வீட்டையே பெயர்த்துக்கொண்டு போகிறது. உள்ளே ஒரு பெண்பிள்ளை தன்னந்தனியாக இருக்கிறாள். உயிருக்குத் தப்பி வந்த சிறுத்தை ஒன்று அவள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஏறிக்கொள்கிறது. அவளிடம் துப்பாக்கி இருக்கிறது. தின்பதற்குப் பதம் செய்த பன்றித் தொடை ஒன்றும் இருக்கிறது. வெளியே பசித்த மிருகம். உள்ளே பயந்த மனுஷி. நடுவே ஒரு சுவர். இரவு நெடுநேரம் கழித்து, அந்த இறைச்சியை அவள் வெளியே தள்ளுகிறாள். விடிந்து பார்த்தால் சிறுத்தை இல்லை. தாழ்வாரத்தில் மிஞ்சிக் கிடக்கும் எலும்பைப் பற்றிய ஒரு சின்ன வாக்கியத்தோடு கதை முடிந்துவிடுகிறது.

நம் பாடப் புத்தகத்தில் இந்தக் கதை வந்திருந்தால் என்ன கேட்டிருப்போம்? ‘ஆசிரியர் குறிப்பு வரைக. பெண்ணின் வீட்டில் இருந்த பொருள்கள் யாவை? இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ இவர்கள் கேட்டது வேறு. கதையைப் படித்த இருவர் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர், “இவள் இரக்கமில்லாதவள்” என்கிறார். மற்றவர், “என்ன இப்படிச் சொல்கிறீர்கள்? இவளுக்கு எவ்வளவு இரக்கம்!” என்கிறார். இரண்டு பேருமே தங்கள் கட்சிக்குக் கதையிலிருந்து என்ன ஆதாரம் காட்ட முடியும்? இது ஒரு கேள்வி. இன்னொன்று: கதையின் கடைசி வாக்கியம் கதைக்குப் பொருத்தமான முடிவுதானா? கதையின் உட்பொருளோடு சேர்த்துச் சொல்லவும்.

இந்த இரண்டாவது கேள்வியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதை எழுதுகிறவனுக்குத்தான் தெரியும், கடைசி வாக்கியம் படுத்துகிற பாடு. கதையை நாலு நாளில் எழுதிவிட்டு, முடிவுக்காக நாற்பது நாள் அலைந்ததுண்டு. என் கதைகளைப் பற்றி எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. கதாநாயகியை ஏன் சாகடித்தீர்கள் என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. இந்தக் கதை எங்கள் தெருவில் நடந்ததாயிற்றே என்று எழுதியவர்கள் உண்டு. கடைசி வாக்கியம் சரிதானா என்று கேட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. அதைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிறார்கள்! விடை திருத்துகிறவர்களுக்குக் கொடுத்த குறிப்பு இன்னும் விசேஷம். ‘பொருத்தம்’ என்று எழுதினாலும் சரி, ‘பொருத்தமில்லை’ என்று எழுதினாலும் சரி. கதையின் உட்பொருளைப் பிடித்துக்கொண்டு எழுதினால் முழு மதிப்பெண் உண்டு.

இரண்டாவது, சுவரில் கிறுக்குவதைப் பற்றி இரண்டு கடிதங்கள். ஒருத்தி, ஊரான் சுவரில் படம் போடுவது அநியாயம் என்கிறாள். மற்றவள், விளம்பரக்காரன் நம்மைக் கேட்டுக்கொண்டா தெருவெல்லாம் பலகை வைக்கிறான் என்று திருப்பிக் கேட்கிறாள். இரண்டில் எது உனக்குச் சம்மதம் என்று ஒரு கேள்வி. அதோடு விடவில்லை. எதோடு உனக்குச் சம்மதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எழுதியிருக்கும் முறையில் எது நல்ல கடிதம், ஏன் என்று அடுத்த கேள்வி.

சம்மதம் வேறு, தரம் வேறு என்ற இந்த ஒரு வித்தியாசத்தைத் தமிழ் விமர்சன உலகம் இன்னும் கற்று முடிக்கவில்லை என்றே சொல்லவேண்டும். நம் கட்சியைப் பேசும் நாவல் மகத்தான நாவல். எதிர்க்கட்சியைப் பேசினால் குப்பை. நண்பர் எழுதினால் காவியம். ஆகாதவர் எழுதினால் அதைப் படிக்கவே வேண்டாம். நானும் இந்தப் பாவத்தில் பங்கு உள்ளவன்தான். பிடிக்காத கொள்கைக்காரர் ஒருவர் எழுதிய நல்ல நாவலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டு, பத்து வருஷம் கழித்து வருந்தியிருக்கிறேன். அந்தக் கேள்வித்தாளில் எனக்கு அன்று என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வெட்கம் உண்டாயிற்று என்று சொன்னேனே, அது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, ஆப்பிரிக்காவிலுள்ள சாட் ஏரி. ஆயிரக்கணக்கான வருஷங்களாக அதன் ஆழம் ஏறி இறங்கியதைக் கோடு போட்டுக் காட்டும் படம் ஒன்று. சஹாராப் பாறைகளில் ஆதி மனிதர்கள் தீட்டிய மிருகங்களைக் கொண்டு, அங்கே எப்போது எவை இருந்தன என்று காட்டும் படம் இன்னொன்று. இன்று ஏரியின் ஆழம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அது சுலபம், படத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதற்கப்புறம் கேட்கிறார்கள்: முதல் படத்தைப் போட்டவர் ஏன் இந்த வருஷத்திலிருந்து தொடங்கினார்? முற்றிலும் வற்றிப் போயிருந்த ஏரி, கி.மு. 11,000 வாக்கில் மறுபடி தோன்றியது. அதனால் அங்கே தொடங்குகிறார். இரண்டாவது படம் எந்த அநுமானத்தை நம்பி நிற்கிறது? பாறையில் வரைந்த மிருகம், வரைந்த காலத்தில் அந்தப் பக்கத்தில் இருந்திருக்கவேண்டும் என்ற அநுமானத்தை.

எங்கள் பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். வகுப்பில் முதல் வரிசைப் பையன். சிறுத்தைக் கதையை நானே தமிழில் எழுதி, கேள்விகளோடு அவனிடம் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் படித்துவிட்டான். கேள்விக்கு வந்ததும் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

“மாமா, இதற்கு விடை எந்தப் பாராவில் இருக்கிறது?”

“எந்தப் பாராவிலும் இல்லை. நீதான் யோசித்துச் சொல்லவேண்டும்.”

“நானே சொன்னால் அது தப்பாகிவிட்டால்?”

அவன் மக்கு இல்லை. எந்தக் கேள்விக்கும் விடை முன்பே எங்கேயோ எழுதி வைத்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்துத் திருப்பி எழுதுவதுதான் படிப்பு என்று பத்து வருஷமாக அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவன் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறான்.

கேள்வித்தாளின் குணத்தைச் சொல்லிவிட்டேன். இனி அதிலிருந்து பிறக்கும் தரவரிசைப் பட்டியலைப் பார்க்கவேண்டும். தாளை இவ்வளவு நுட்பமாகத் தயாரித்தவர்கள், பட்டியலைக் குதிரைப் பந்தயத்து முடிவைப்போல வெளியிடுகிறார்கள். பத்திரிகைகளும் அப்படியே பிரசுரிக்கின்றன. ஆகவே பிள்ளைகளிடம் கேட்ட கேள்விகளையே இந்தப் பட்டியலிடமும் கேட்டுப் பார்த்தேன்.

படம் ஏன் இங்கே தொடங்குகிறது? 2009ஆம் வருஷப் பரீட்சையில் வாசிப்பில் 556 வாங்கி முதலிடம் பிடித்தது ஷாங்காய். அது ஒரு தேசமல்ல. சீனாவின் பணக்கார நகரங்களில் ஒன்று. அது ஒரு வரிசையில். ஒரு முழுத் தேசம் அடுத்த வரிசையில். கிராமமும் நகரமும் கலந்த தமிழ்நாடு இன்னும் கீழே ஒரு வரிசையில். இவற்றை ஒரே ஏணியில் நிறுத்தி வைத்துவிட்டால் படிகள் சமமாகிவிடுமா?

எந்த அநுமானத்தை நம்பி நிற்கிறது? பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகளைத்தான் பரீட்சிக்கிறார்கள். 2012இல் வியட்நாம் கணிதத்தில் 511 வாங்கி, பல பணக்கார தேசங்களைப் பின்தள்ளியது. பாராட்டவேண்டிய காரியந்தான். ஆனால் அந்த தேசத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகளில் பெரும் பங்கு அந்தப் பரீட்சையின் வரம்புக்குள்ளேயே வரவில்லை. வகுப்புக்கு வராத பிள்ளை எந்த தேசத்துக்கும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை.

சம்மதம் வேறு, தரம் வேறு என்ற பாடமும் இங்கே உதவுகிறது. 2000இல் பின்லாந்து வாசிப்பில் 546 வாங்கி முதலாவதாக வந்தது. உடனே உலகத்திலுள்ள கல்வி நிபுணர்களெல்லாம் ஹெல்சிங்கிக்கு யாத்திரை போனார்கள். வீட்டுப் பாடம் குறைவு என்பதால் இந்த வெற்றி என்றார் ஒருவர். உபாத்தியாயர்களுக்குச் சுதந்திரம் அதிகம் என்பதால் என்றார் மற்றொருவர். யாருக்கு எந்தக் கொள்கை பிரியமோ, அந்தக் கொள்கையைப் பின்லாந்தில் கண்டுபிடித்துத் திரும்பினார்கள். 2022இல் அதே பின்லாந்து வாங்கியது 490. இன்னும் சராசரிக்கு மேல்தான். ஆனால் 56 புள்ளிகள் போய்விட்டன. எண் எவ்வளவு என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதை நாம் நம் விருப்பப்படி இட்டு நிரப்பிக்கொள்கிறோம்.

இவ்வளவையும் கேட்ட வாசகர், “அப்படியானால் 72 என்பதைத் தூக்கி எறிந்துவிடலாம் என்கிறீர்களா?” என்று கேட்கக்கூடும். அதைத்தான் செய்யக்கூடாது என்கிறேன். 72ஐ வேண்டுமானால் மறந்துவிடலாம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருந்தது. அதை மறக்க எனக்கு மனசு வரவில்லை. படித்ததை வாழ்க்கையில் உபயோகிக்க இவ்வளவாவது வாசிக்கத் தெரியவேண்டும் என்று அவர்கள் ஓர் அடிப்படை மட்டம் வைத்திருக்கிறார்கள். அந்த நிறுவனத்து அங்கத்தினர் தேசங்களில் நூற்றுக்குச் சுமார் 81 பிள்ளைகள் அந்த மட்டத்தையோ அதற்கு மேலோ எட்டினார்கள். தமிழ்நாட்டில் எட்டியவர்கள் நூற்றுக்கு 17.

தெரியாத விஷயங்களைக் கேட்டுவிட்டார்கள் என்ற சமாதானத்தில் நியாயம் கொஞ்சம் உண்டு. கேள்விகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உருவாகிப் பிறகு மற்ற பாஷைகளுக்குப் போகின்றன. வழியில் சிதறுவது நிச்சயம் இருக்கும். இந்த மாதிரிக் கேள்வியை முதல் தடவையாகப் பார்க்கிற பிள்ளை திகைப்பதும் இயல்பு. ஆனால் சாட் ஏரி ஹெல்சிங்கிப் பிள்ளைக்கு மட்டும் கொல்லைக் கிணறா? வெள்ளத்தில் மிதக்கும் வீட்டை ஷாங்காய்ப் பிள்ளை தினம் பார்த்துக்கொண்டிருக்கிறதா? தெரியாத ஊரைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்வதற்குத்தானே வாசிப்பு என்று பெயர்! தெரிந்ததை மட்டும் படிக்கத் தெரிந்தால் போதும் என்றால் என் போன்றவர்கள் பேனாவை மூடி வைத்துவிடலாம்.

நம் பொதுத் தேர்வு இதே பிள்ளைகளைப் பற்றி வேறு ஒரு கதை சொல்கிறது. 2024இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களில் தேறியவர்கள் 91.55 சதவிகிதம். அதுவும் இதுவும் வெவ்வேறு வருஷங்கள். நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. இரண்டில் ஏதோ ஒன்று பொய் என்றும் நான் நினைக்கவில்லை. நம் பரீட்சை, பாடத்தைப் பிள்ளை வைத்துக்கொண்டிருக்கிறதா என்று கேட்கிறது. அந்தப் பரீட்சை, பாடமே இல்லாத இடத்தில் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தபிறகு ஆயுள் முழுவதும் இரண்டாவது கேள்விதானே வந்துகொண்டிருக்கிறது? கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதும், மருந்துச் சீட்டைப் படிக்கும்போதும், தேர்தல் பிரசங்கத்தைக் கேட்கும்போதும் விடைப் புத்தகம் பக்கத்தில் இருப்பதில்லை.

ஜெர்மனிக்கும் இப்படி ஓர் அடி விழுந்தது. முதல் பரீட்சையில் வாசிப்பில் அது வாங்கியது 484, சராசரியோ 500. கவிகளும் தத்துவ ஞானிகளும் பிறந்த தேசம் என்று பெருமை பேசியவர்களுக்கு 2001இல் வந்த அந்தச் செய்தி பேரிடியாக இருந்தது. அவர்கள் பட்டியலோடு நிற்காமல் உள்ளே புகுந்து படித்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் இடையே மற்ற தேசங்களில் இருப்பதைவிடப் பெரிய பள்ளம் தங்கள் பள்ளிகளில் இருப்பதைக் கண்டார்கள். முழு நாள் பள்ளிகளைப் பெருக்கினார்கள். தேசம் முழுவதற்கும் பொதுவான தரங்களை வகுத்தார்கள். 2012இல் 508க்கு ஏறினார்கள். 2022இல் 480க்கு இறங்கியும் விட்டார்கள்; ஆகையால் இதை வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. அடி விழுந்ததும் அவர்கள் தாளை எடுத்துப் படித்தார்கள்; நாம் தாளை மடித்து வைத்துவிட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

துணிந்து போய் எழுதியவை நம் தேசத்தில் இரண்டே ராஜ்யங்கள். அதற்காகத் தமிழ்நாட்டைப் பாராட்டியிருக்கவேண்டும். பாராட்டிவிட்டு, ‘சரி, அந்தக் கேள்விகளை எல்லா வகுப்புகளுக்கும் அனுப்புங்கள், உபாத்தியாயர்கள் முதலில் எழுதிப் பார்க்கட்டும்’ என்று சொல்லியிருக்கவேண்டும். மறுபடி அந்தப் பந்தயத்தில் ஓடுவதா வேண்டாமா என்பது சர்க்கார் தீர்மானிக்கும் விஷயம். கேள்விகளைக் கேட்பதற்கு பாரிஸின் அநுமதி வேண்டியதில்லை. எந்த உபாத்தியாயரும் நாளைக் காலையிலேயே கேட்கலாம்: இந்தக் கதையின் கடைசி வாக்கியம் சரிதானா? ஏன்?

பக்கத்து வீட்டுப் பையன் விடை எழுதவில்லை. தாளை வைத்துவிட்டுப் போய்விட்டான். சாயங்காலம் பால் வாங்கக் கடைக்குப் போகிறவன் எங்கள் வாசலில் நின்றான்.

“மாமா, அந்தச் சிறுத்தை மறுநாள் ராத்திரியும் வந்தால் அந்த அம்மா என்ன செய்வார்கள்? கொடுக்கத்தான் வேறு ஒன்றும் இல்லையே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தூக்குப் பாத்திரத்தை ஆட்டிக்கொண்டே போய்விட்டான். அந்தக் கேள்வி பாரிஸ்காரர்களின் தாளிலும் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.